கொழுவுப்பட்டாக் காணுமோ, மோனை?

மோனை, கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்து பெட்டி பெட்டியா வைச்சு, ஒண்டின்ரை வாலிலை இருந்து மற்றதின்ரை தலைக்கு வயர் இழுக்கிறாய். வடிவாத்தான் கிடக்கு. நானும் வயர் இழுத்தவன்தான். திருவிழாவுக்குத் திருவிழா புனல் ஸ்பீக்கரைத் தோளிலை கொழுவிக்கொண்டு வேம்பிலையும் பனையிலையும் ஏறினவன். என்ரை வயர் பிழைச்சா என்னைத் தூக்கி எறியும். அதாலை எனக்குப் புத்தி கெதியா வந்தது. உன்ரை வயர் பிழைச்சா உனக்கு ஒரு கீறலும் விழாது. பாவம், நீ எப்பிடித்தான் படிக்கப் போறியோ தெரியாது.

வாற மாசம் கோயில் மண்டபத்திலை தவில் கச்சேரி. தவிலுக்கு முன்னாலை மைக் வைக்கப் போறாய். அடி விழ விழ வெள்ளைச் சுவரிலை பூ விரியோணும், நிறம் மாறோணும், சுத்திவரக் கட்டின லைற்றுகள் எரிஞ்சு நூரோணும். நல்ல எண்ணம். இணுவிலிலை பிறந்த தட்சணாமூர்த்தியின்ரை தவிலைக் கேட்ட ஊர் இது. 1975இலை அந்த மனுசன் கண்ணை மூடினார், சனம் இண்டைக்கும் அவற்றை கையைப் பற்றித்தான் கதைக்குது. அவருக்கு நீ லைற் கட்டியிருந்தா பல்ப்புகள் களைச்சுத் தேத்தண்ணி கேட்டிருக்கும்.

இப்ப உன்ரை முறைப்பாடு என்ன? “அப்பு, வயர் கொழுவுப்படுகுதில்லை.” மைக் பெட்டியிலை இருந்து படப் பெட்டிக்கு இழுத்தா அது துப்பிப் போடுதாம். சொவ்ற்வெயர் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டவளாம். கொழுவுப்படாத வயர் உனக்குச் செய்யிற உபகாரத்தை உன்ரை கொப்பரும் செய்யேல்லை, மோனை. நான் பயப்பிடுறது கொழுவுப்படுகிற வயருக்கு.

என்ன முழிக்கிறாய்? நீ கம்பசுக்குப் போன நேரம் உன்ரை மடிக்கணினியை ஆர் திறந்து பாத்ததெண்டு நினைச்சாய், பூனை எண்டோ?

அதுக்குள்ளை ‘பியூர் டேற்றா’ எண்டு ஒண்டு கிடக்கு. சல்லிக்காசு குடுக்கத் தேவையில்லை. மில்லர் பக்கெற் எண்ட அமெரிக்கன் 1996இலை வெளிவிட்டது. அதே ஆள்தான் அதுக்கு முன்னம் எண்பதுகளிலை, பாரிசிலை இர்காம் எண்ட இசை ஆராய்ச்சி நிலையத்திலை ‘மக்ஸ்’ எண்டதையும் செய்தவர். 1987இலை பிலிப் மனூரி ‘யூப்பிற்றர்’ எண்டு புல்லாங்குழலுக்கு ஒரு உருப்படி எழுதினார். குழல்காரர் வாசிக்க வாசிக்க மெசின் கேட்டுப் பதில் சொல்லோணும். அந்த வேலையோடைதான் மக்ஸ் வளர்ந்தது. அந்த நாளிலை அதன்ரை வயருக்குள்ளாலை சத்தமும் ஓடேல்லை, படமும் ஓடேல்லை. இதைச் செய், அதை நிப்பாட்டு எண்ட கட்டளை மட்டும்தான் ஓடினது. சத்தம் செய்யிறதுக்குப் பக்கத்திலை வேறை ஒரு பெரிய மெசின் நிண்டது. 1997இலை சத்தமும் மக்ஸுக்கு உள்ளை வந்தது, பேந்து சில வருசத்தாலை ‘ஜிற்றர்’ எண்ட பேரிலை படமும் வந்து குந்திச்சு. மூண்டும் மூண்டு காலத்திலை வந்ததாலைதான் மக்ஸிலை வயருக்கு மூண்டு உடுப்பு: கட்டளைக்கு வெறும் கோடு, சத்தத்துக்கு மஞ்சள் வரி, படத்துக்குப் பச்சை வரி. பியூர் டேற்றா கஞ்சத்தனமானது. மெல்லிய கோடு, தடிச்ச கோடு, அவ்வளவுதான். தடிச்சது சத்தம். அதைக் கொண்டுபோய் மெல்லிசுக்காரன்ரை வாயிலை வைச்சா ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போடும்.

மற்றது ‘ரச்டிசைனர்’. அது ரொறன்ரோச் சரக்கு. கிரெக் ஹெர்மனோவிச் எண்டவரும் கூட்டாளியளும் 2000ஆம் ஆண்டு டெரிவேற்றிவ் எண்ட கொம்பனி தொடங்கிச் செய்தது. எங்கட சனம் அங்கை போய்க் குடியேறினதாலையோ என்னவோ, அந்தச் சொவ்ற்வெயரும் குடும்பம் பாத்துத்தான் சம்பந்தம் வைக்கும். படக் குடும்பம் ஒரு நிறம், எண் ஓடுற சனல் குடும்பம் ஒரு நிறம், உருவத்துக்கு ஒண்டு, எழுத்துக்கும் அட்டவணைக்கும் ஒண்டு. ஒரு குடும்பத்து வாலை மற்றக் குடும்பத்துத் தலையிலை கட்ட விடாது. இடையிலை மாத்துப் பெட்டி ஒண்டு வைச்சாத்தான் விடும். உனக்குக் கோவம் வாறது உதுக்குத்தான். எனக்கோ, உதைச் செய்தவனைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் குடுக்கோணும் போலை கிடக்கு.

ஏனெண்டு சொல்லுறன், கேள்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டது. நீ பிறக்கேல்லை, உனக்கு அது வரலாற்றுப் பாடம். பற்றறி கொண்டுவரத் தடை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டா அளந்து ஜாம் போத்தல் விளக்கெரிச்ச காலம். ஆனா நாட்டிலை என்ன நடக்குதெண்டு தெரியோணுமே, பிபிசி தமிழோசை கேக்கோணுமே. சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவை ரயரோடை உரசவிட்டு, ஒருத்தன் பெடலைக் கையாலை சுத்த, பத்துப்பேர் சுத்திவர இருந்து றேடியோ கேட்டம். இதை இப்ப எல்லாரும் வீரக் கதையாச் சொல்லுவினம். நான் வயர்காரன், எனக்கு ஞாபகம் நிக்கிறது வேறை.

டைனமோவிலை இருந்து வாறது ரண்டு வயர். றேடியோவின்ரை பற்றறிக் கூட்டுக்குள்ளை இருக்கிறதும் ரண்டு தகடு. கொழுவுப்படும், மோனை. ஒருத்தரும் துப்பிப் போடாயினம். ஆனா சைக்கிள் டைனமோ தாறது ஏசி, முன்னும் பின்னுமாத் துள்ளுற கரண்ட். றேடியோ கேக்கிறது டிசி, ஒரு பக்கமா ஓடுற கரண்ட். நேரை கொழுவினவன்ரை றேடியோவிலை தமிழோசைக்குப் பதிலா உறுமல் கேட்டது. கொஞ்சம் உசாராச் சுத்தினவன்ரை றேடியோ பிறகு ஒண்டுமே கதைக்கேல்லை. விசயம் தெரிஞ்சவங்கள் பழைய றேடியோவளைக் கிண்டி நாலு டயோட்டு எடுத்துப் பாலம் மாதிரிக் கட்டினாங்கள். அதாலை போற திசை ஒண்டாச்சு. அதுக்குக் குறுக்காலை ஒரு கப்பாசிற்றர் போட்டாங்கள், துள்ளல் அடங்கிச்சு. மூண்டாவது அளவு. டைனமோவிலை ஆறு வோல்ற் எண்டு எழுதிக் கிடக்கும். அது சும்மா எழுத்து. பெடியன் வேகமாச் சுத்தினா வோல்ற் ஏறும், களைச்சா இறங்கும். சுத்துறவனுக்குப் பக்கத்திலை ஒரு கிழவன் இருந்து “மெதுவா, மெதுவா” எண்டு சொல்லிக்கொண்டிருக்கோணும்.

எந்தச் சாமான், என்ன வேகம், எவ்வளவு. உன்ரை திரையிலை நீ இழுக்கிற ஒவ்வொரு வயரிலையும் கேக்கோணும் உந்த மூண்டையும். உன்ரை சொவ்ற்வெயர் முதலாவதை மட்டும்தான் பாத்துச் சொல்லும். மற்ற ரண்டையும் ஆர் பாக்கிறது?

கசற் போட்ட வீடுகளிலை இன்னொரு கூத்து. சீர்காழி உச்சத்திலை நிண்டு பாடிக்கொண்டிருப்பார். சுத்துற பெடியன் களைப்பான். மோட்டர் இழுபட, சீர்காழி மெல்ல மெல்ல இறங்கிப் போய்க் கிணத்துக்குள்ளை நிண்டு பாடுவார். பெடியன்ரை கை வேகம் பாட்டின்ரை சுருதியை ஆட்டினது. நீ இப்ப அதைத்தான் கொன்றோல் சிக்னலாலை பிற்ச்சை அசைக்கிறன் எண்டு இங்கிலீசிலை சொல்லிப் புள்ளி வாங்கிறாய்.

சரி, உன்ரை தவிலுக்கு வாறன். முதல் அளவைப் பாப்பம். பியூர் டேற்றாவிலை சத்தத்தின்ரை பலத்தை அளக்க ‘என்வ்’ எண்ட பெட்டியைப் போட்டிருந்தாய். நல்ல பெட்டி. தடிச்ச வயராலை சத்தம் உள்ளை போகும், மெல்லிய வயராலை எண் வெளியிலை வரும். அந்த மெல்லிய வயரை நேரை படத்தின்ரை பிரகாசத்துக்குக் கொழுவினாய். கொழுவுப்பட்டுது, நீ சந்தோசப்பட்டாய். அந்தப் பெட்டி தாறது டெசிபல். அதின்ரை கணக்கிலை முழுச் சத்தம் எண்டா 100. படம் கேக்கிறது 0இலை இருந்து 1. மேடையிலை ஆரும் இருமினாலே உன்ரை எண் நாப்பதைத் தாண்டும், சுவர் முழுக்க வெள்ளையாகும். நீயோ தவில் வித்துவானைப் பாத்து, “அண்ணை, கொஞ்சம் மெதுவா அடியுங்கோ” எண்டு சொல்லுவாய். அந்த மனுசன் தவிற்கம்பாலை உனக்குத் தாளம் போடுவார்.

ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு அளவுகோல் வைச்சிருக்கிறான். சத்தம் சொவ்ற்வெயருக்குள்ளை கழித்தல் 1இலை இருந்து கூட்டல் 1 வரைக்கும் ஆடும். 1983இலை வந்த மிடி எண்ட முறையிலை அநேகமா எல்லாம் 0இலை இருந்து 127. மேடை லைற்றுக்குப் போற டிஎம்எக்ஸ் கேபிளிலை ஒரு சனலுக்கு 0இலை இருந்து 255, அப்பிடி 512 சனல். ஜிற்றரிலை படத்தின்ரை ஒரு புள்ளிக்கு வழமையா நாலு எண், ஒவ்வொண்டும் 255 வரைக்கும். எல்லாம் எண்தான். எண் எண்ட உடனை வயர் ஒண்டும் சொல்லாது, வாயை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் குடுக்கும். மிடியிலை வந்த 127ஐச் சத்தத்தைக் கூட்டிற பெட்டிக்குள்ளை நேரை ஊத்தினா 127 மடங்கு. என்ரை புனலுக்குள்ளை கிடக்கிற கொயிலுக்கு அதோடை அந்தியேட்டி. ஆத்திலை போட்டாலும் அளந்து போடு எண்டு சொன்னவனும் ஒரு லவுட்ஸ்பீக்கர்காரனாத்தான் இருக்கோணும்.

இனி வேகம். இதுதான் உன்ரை உண்மையான தலையிடி, ஆனா உனக்கு இன்னும் அது தலையிடி எண்டு தெரியாது.

சத்தம் ஒரு செக்கனுக்கு 48000 எண்ணா வருது. படம் ஒரு செக்கனுக்கு 30 தரம் மாறுது எண்டு வை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலை 1600 எண் ஓடிப்போகும். நீ என்ன செய்தாய்? படம் மாறுற ஒவ்வொரு தரமும் சத்த வயரை எட்டிப்பாத்து ஒரு எண்ணைப் பிடிச்சாய். 1600 பேர் போற ஊர்வலத்திலை ஒருத்தன்ரை முகத்தைப் பாத்துப்போட்டு எல்லாருக்கும் மீசை எண்டு சொன்னவன் நீதான். அதைவிடக் கேடு என்னெண்டா, சத்த அலை பூச்சியத்தைக் கடந்து கடந்துதான் ஆடும். வித்துவான் வலந்தலையை உடைக்கிற மாதிரி அடிச்சாலும், நீ எட்டிப்பாத்த கணத்திலை அலை பூச்சியத்திலை நிண்டா உன்ரை சுவர் இருட்டு. அடுத்த தரம் சும்மா விரலாலை தட்டினதுக்குச் சுவர் பளிச்செண்டு எரியும். சபையிலை இருக்கிற படிச்ச ஆக்கள் “நவீன கலை” எண்டு தலையாட்டுவினம். வித்துவான் தலையாட்ட மாட்டார்.

தோட்டத்திலை மோட்டர் இறைக்கிற வேகம் ஒண்டு, வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறுறவன்ரை மண்வெட்டி வேகம் வேறை ஒண்டு. அதுக்குத்தான் எங்கட ஆக்கள் இடையிலை தொட்டி கட்டினவை. நீயும் தொட்டி கட்டு. 1600 எண்ணையும் சேத்து வைச்சு, அதிலை உச்சம் எவ்வளவு, இல்லாட்டிச் சராசரிப் பலம் எவ்வளவு எண்டு பாத்து, அந்த ஒண்டை மட்டும் படத்துக்குக் குடு. மக்ஸிலை ‘பீக்அம்ப்’, பியூர் டேற்றாவிலை முந்திச் சொன்ன ‘என்வ்’, ரச்டிசைனரிலை ‘அனலைஸ்’. எல்லாம் தொட்டிதான். பேந்து அந்த எண்ணை ஏறேக்கை கெதியா ஏறவும், இறங்கேக்கை ஆறுதலா இறங்கவும் விடு. தவில் அடி கண் மூடித் திறக்க முன்னம் முடிஞ்சுபோம். கண்ணுக்கு அதைப் பிடிக்க நேரம் வேணும்.

தொட்டியைப் பெரிசாக் கட்டினாத் தண்ணி பிந்தும். பியூர் டேற்றா சத்தத்தை 64 எண் கொண்ட கட்டுக் கட்டா நகத்துது. 44100 வேகத்திலை ஒரு கட்டுக்கு ஒண்டரை மில்லிசெக்கனும் இல்லை. அது தூசு. ஆனா சவுண்ட் காட்டின்ரை தொட்டி, உன்ரை சராசரித் தொட்டி, புரொஜெக்ரர் தனக்குள்ளை வைச்சிருக்கிற தொட்டி எல்லாம் கூடினா அடி ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். முன் வரிசையிலை இருக்கிற தர்மகர்த்தா கண்டுபிடிச்சுப்போடுவார். பின் வரிசைக்காரர் பிழை சொல்லாயினம். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவிலைதான் நடக்கும், 34 மீற்றர் தள்ளி நிக்கிறவனுக்கு அடியும் பத்திலை ஒரு செக்கன் பிந்தித்தான் கேக்கும். பின்னுக்கு நிண்டு பாத்திட்டுச் சரியாக் கிடக்கு எண்டு சொல்லாதை. முன்னுக்கு வா.

ரச்டிசைனரிலை இந்த வேகப் பொறி இன்னும் நைசு. குடும்பம் பாத்துச் சம்பந்தம் வைக்கிறது எண்டு புகழ்ந்தனான் எல்லே? அதுக்குள்ளையும் ஓட்டை உண்டு. 44100 வேகத்திலை ஓடுற மைக் சத்தமும், 60 வேகத்திலை ஓடுற சாதாரண அசைவும் ஒரே சனல் குடும்பம்தான். ஒரே நிறம், ஒரே தடிப்பு. தாராளமாக் கொழுவுப்படும். நிறத்தை நம்பிக் கொழுவினவன் அங்கைதான் விழுவான்.

உதெல்லாம் இண்டைக்கு வந்த பிரச்சினை எண்டு நினைக்காதை. 1969இலை டேவிட் ரியூடர் எண்ட அமெரிக்கர் அகமதாபாத்திலை, தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலை, ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுபோய்ப் பூட்டினார். ஜோன் கேஜ் எண்ட இசையமைப்பாளருக்கு 1946இலை இந்திய சங்கீதம் சொல்லிக் குடுத்த கீதா சாரபாய் அந்த மெசினிலை வேலை செய்தவ. கூடப் பல இந்தியரும் செய்தவை. அவையள் பதிஞ்ச நாடாக்கள் அந்த நிறுவனத்துக் களஞ்சியத்திலை கிடந்து, போல் பர்காஸ் எண்டவர் தேடி எடுத்து, 2023இலைதான் இசைத்தட்டா வெளியிலை வந்தது. கொம்பியூட்டர் இல்லை, திரை இல்லை. சுவர் அளவு பெட்டியும், கை நிறைய வயரும்.

அந்த மூக்கிலை சத்தத்துக்கும் கட்டளைக்கும் ஒரே துளை, ஒரே வயர். ரண்டும் வோல்ற்தான். ஒரு வோல்ற் கூட்டினாச் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். சத்தம் வாற வயரைப் பிடுங்கிச் சுருதிக் கட்டளைக்குள்ளை குத்தினா, மணி மாதிரியும் தகரம் மாதிரியும் ஒரு புதுச் சத்தம் பிறக்கும். அது பிழை இல்லை, தெரிஞ்சு குத்தினா அதுதான் வித்தை. ஆனா ‘இப்ப தொடங்கு’ எண்டு சொல்லுற தூண்டல் வயருக்கு மட்டும், அந்த மெசினைச் செய்த மூக் எண்டவர் வேறை மாதிரி, ரண்டு தகட்டுப் பிளக் வைச்சவர். ஏனெண்டா அந்தத் தூண்டல் வோல்ற்றாலை வேலை செய்யாது, ரண்டு முனையையும் தொடுக்கிறதாலை வேலை செய்யும். சாமான் வேறை எண்ட இடத்திலை துளையையே மாத்திப்போட்டார் மனுசன். ரொறன்ரோக்காரர் குடும்பம் பிரிச்சதுக்கு முப்பது வருசத்துக்கு முன்னமே செய்த வேலை.

இன்னும் ரண்டு மூண்டு கிடக்கு, கெதியாச் சொல்லிப்போட்டுப் படுக்கப் போறன்.

முறை. ஒரு வாலிலை இருந்து ரண்டு வயர் போனா எது முதல் போகும்? மக்ஸிலை வலப்பக்கத்திலை கிடக்கிறது முதல். பியூர் டேற்றாவிலை எதை நீ முதல் கொழுவினியோ அது முதல். திரையிலை பாத்தா அது தெரியவே தெரியாது. பெட்டியின்ரை இடப்பக்க வாய்தான் வேலையைத் தொடக்கும், வலப்பக்க வாய் வாங்கிப் பொத்திக்கொண்டு இருக்கும். இடப்பக்கத்துக்கு எண் முந்திப் போனா, உன்ரை பெட்டி போன அடியின்ரை கணக்கோடை இந்த அடிக்குப் பதில் சொல்லும். சுவரிலை எல்லாம் நடக்கும், ஒரு அடி பிந்தி நடக்கும். உன்ரை சிநேகிதன்ரை கொம்பியூட்டரிலை அதே படத்தைப் பாத்து அதே வயரை இழுத்தாலும் வேறை மாதிரி நடக்கும். நீங்கள் ரண்டுபேரும் கொழுவுப்பட்டுக்கொண்டு நிப்பியள். முறை வைக்கிறதுக்கெண்டே ‘ட்ரிகர்’ எண்ட பெட்டி கிடக்கு. ஒரு வாலிலை ரண்டாவது வயர் இழுக்கிற நேரமெல்லாம் அதை வை.

படத்தைச் சத்தமாக்கிப் பாக்கப் போறன் எண்டு முந்தநாள் சொன்னாய். வடிவாச் செய். 1920க்கு 1080 படத்திலை 20 லட்சத்துக்கு மேலை புள்ளி. ஒரு நிறத்தை மட்டும் எடுத்து, 48000 வேகத்திலை ஒண்டொண்டா வாசிச்சா, ஒரேயொரு படம் வாசிச்சு முடிய 43 செக்கன் செல்லும். அதுக்குள்ளை திரையிலை 1290க்கு மேலை படம் ஓடியிருக்கும். எந்த வரியை வாசிக்கிறாய், எதைத் தள்ளுறாய் எண்டு நீதான் முடிவெடுக்கோணும், வயர் எடுக்காது. இன்னுமொண்டு. படத்திலை கழித்தல் எண் இல்லை, எல்லாம் பூச்சியத்துக்கு மேலை. அதை அப்பிடியே ஸ்பீக்கருக்கு விட்டா, கோன் ஒரு பக்கமாத் தள்ளுப்பட்டு நிண்டுகொண்டு ஆடும். நடுவை இறக்கிப்போட்டு விடு. புனல் என்ரை காசு.

ஜிற்றரின்ரை பச்சை வரி வயரைப் பற்றியும் உனக்கு ஒரு நினைப்பிருக்கு, அதுக்குள்ளாலை படம் ஓடுது எண்டு. படம் ஓடேல்லை. படம் கிடக்கிற இடத்தின்ரை பேர் மட்டும்தான் வயராலை போகுது. அடுத்த பெட்டி அந்தப் பேரைப் பாத்துப் போய்ப் படத்தை எடுக்கும். நீ ஒரு படத்தை ரண்டு பெட்டிக்கு அனுப்பி, முதல் பெட்டி அந்த இடத்திலையே மேலாலை கீறிப்போட்டா, ரண்டாவது பெட்டி கீறின படத்தைத்தான் எடுக்கும். ‘நான் நல்ல படம்தானே அனுப்பினனான்’ எண்டு நீ குழறிப் பிரயோசனம் இல்லை.

ஊளை. புனலை மைக்குக்கு முன்னாலை திருப்பினவனுக்கு என்ன நடக்கும் எண்டு இந்த ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உன்ரை திரையிலையும் வாலைத் தலைக்குக் கொழுவினா அதுதான். கட்டளை வயரிலை செய்தாச் சொவ்ற்வெயர் மூச்சுத் திணறி நிக்கும். சத்த வயரிலை செய்தாப் பியூர் டேற்றா சுத்து விழுந்திட்டுது எண்டு சொல்லி அந்தப் பகுதியைக் கழட்டிவிடும். படத்திலை மட்டும், ஒரு படம் பிந்தித் திருப்பி விட்டா, வால் வளர்ந்து வளர்ந்து நல்ல வடிவா வரும். கச்சேரியிலை ஒரு இடத்திலை அதைப் போடு, முழுநேரமும் போட்டுச் சனத்தின்ரை கண்ணைக் கெடுக்காதை.

தவிலுக்கு மைக் வைக்கேக்கை, தொப்பிப் பக்கத்துக் கம்படியின்ரை கனத்த சத்தத்தையும் வலந்தலையின்ரை கூரான சத்தத்தையும் வடிகட்டி ரண்டாப் பிரி. கனத்ததை லைற்றுக்கு விடு, கூரானதைப் படத்துக்கு விடு. பக்கத்திலை நாதஸ்வரம் நிக்கும். அது உன்ரை மைக்குக்குள்ளை நுழைஞ்சு வடிகட்டியையும் ஏமாத்தும், அதையும் யோசி.

நாளைக்கு விடியப் பெட்டியெல்லாத்தையும் திறந்து, கொழுவுப்பட்டுக் கிடக்கிற ஒவ்வொரு வயருக்கும் பக்கத்திலை எழுது: எவ்வளவிலை இருந்து எவ்வளவு வரைக்கும், செக்கனுக்கு எத்தினை தரம். எழுதேலாத வயரைக் கழட்டு. கச்சேரிக்கு முன்னம் வித்துவானை ஒரு நாள் கூப்பிட்டு முழுசா ஓட்டிப் பார். பதிஞ்ச தவிலை வைச்சு ஓட்டிப்போட்டுச் சரி எண்டு சொல்லாதை, பதிஞ்ச தவில் உன்ரை இருமலுக்குக் கோவிக்காது.

அம்பிளிபயரும் நாலு புனலும் என்னட்டை எடுக்கலாம். எல்லாம் சரிவந்தா வாடகையைக் கோயிலிலை வாங்கிறன். புனல் எரிஞ்சா உன்ரை கொப்பரிட்டை வாங்கிறன், அதை இண்டைக்கே அவருக்குச் சொல்லிவை.